டிரம்மரைத் தூக்கணும்

இரண்டு பைக்கில் நான்கு பேர் வந்து என் கடை வாசலில் இறங்கியபோது, அவர்கள் என் ரசிகர்கள் என்று நம்பினேன். சிரிக்க வேண்டாம். நாற்பத்தெட்டு வயதில், தொப்பைக்கு மேல் பேஸ் கிட்டாரைச் சாய்த்து வைத்து வாசிக்கிற ஒருவனுக்கு ரசிகர் வரக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. தலையைக் கையால் கோதிவிட்டேன். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டேன். நால்வரில் ஒருவன் உள்ளே வந்ததும் முதல் வேலையாக ஷட்டரைப் பிடித்துக் கீழே இழுத்தான். அப்போதும், 'வெயில் உள்ள அடிக்குதுன்னு எறக்குதான், வளர்ப்பு நல்ல வளர்ப்பு' என்றுதான் நினைத்தேன்.

அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன், என் கன்னத்தில் விழப்போகிற முதல் அறை அதுவரை காத்திருக்கட்டும்.

கடை என்றால் மைக்செட் கடை. துறைமுகத்துக்குப் போகிற உப்பு லாரிகள் திரும்பும் முக்கில் இருக்கிறது. கல்யாணம், கட்சிக் கூட்டம், கோயில் கொடை, மாதா திருவிழா, சாவு எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் பெட்டி வாடகைக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் பெட்டிகள் எங்களுக்கு. எங்களுக்கு என்றால் ஊரில் வாசிக்கிற ஆட்கள் கொஞ்சம் பேர். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற நாசரேத்து வாத்தியார் ஒருவர். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிற தவில்காரர் ஒருவர். காயல்பட்டினத்து கிட்டார்காரன் ஒருவன். அவன் வளைகுடாவில் ஏசி மாட்டுகிற வேலையில் இருப்பதால் போனிலேயே கூட்டத்துக்கு வருவான். பிறகு நான்.

நாங்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான். யாருமே கேட்டிராத ஒரு இசைக்குழுவை, யாருமே வாங்காத ஒரு ஆல்பத்தை, வாரத்துக்கு ஒருவர் மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். சினிமாப் பாட்டு கூடாது. ஏற்கெனவே எங்களில் ஒருவர் கேட்டிருந்தாலும் கூடாது. முதல் தடவை ஓடும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஆர்கன் வாத்தியார் ஒரு தடவை, பாட்டே இல்லாமல் காற்றுப்பெட்டியை மட்டும் மூச்சு விடவைத்துப் பதிவு செய்த இரண்டு மலைநாட்டு அக்காதங்கைகளைக் கொண்டுவந்தார். தவில்காரர் அதைக் கேட்டு அழுதார். ஆஸ்துமா ஞாபகம் வந்துவிட்டதாம். காயல்காரன் ஒரு தடவை, கிரேன் ஓட்டுகிறவர்கள் சேர்ந்து ஆரம்பித்த ஒரு பாலைவனத்து பேண்டை அனுப்பினான். அந்த ஆல்பத்தை உலகத்தில் மொத்தம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று தெரியாது. ஆனால் அதில் பாதிப் பேர் என் கடையில் உட்கார்ந்திருந்தோம்.

இந்த வேலைக்குத் தவில்காரர் வைத்த பெயர் 'ஆள் காட்டுவது'. "ஏலே, இந்த வாரம் ஒரு ஆள் காட்டுதேன், கேட்டுப் பாரு" என்று முதல் நாள் சொன்னார். அதுவே நிலைத்துவிட்டது. இதோடு மைக்செட் பாஷையும் சேர்ந்துகொண்டது. சத்தத்தைக் கூட்டினால் எங்களுக்கு அது 'தூக்குவது'. குறைத்தால் 'வெட்டுவது'. டிரம் கேட்கவில்லையா, டிரம்மரைத் தூக்கு. பாடகன் குரல் கொழகொழவென்று இருக்கிறதா, கீழே கொஞ்சம் வெட்டு. மேடைக்கு மேடை கத்திக் கத்தி எங்களுக்கு இந்த வார்த்தைகளின் வேறு அர்த்தமே மறந்துபோயிருந்தது. எங்கள் மாவட்டத்தில் ஆள் காட்டியவன் யார், தூக்கியவன் யார், வெட்டியவன் யார் என்று தினமும் காலையில் டீயோடு பேப்பரில் படிக்கிறவர்கள்தான் நாங்களும்.

அந்த வாரம் என் முறை. வேம்பாரில் ஒரு திருவிழாவுக்கு மைக்செட் கட்டப் போயிருந்தபோது, ஓரமாக வந்து நின்ற ஒல்லியான ஒருவன் தன் ஆல்பத்தை என் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்திருந்தான். மூன்று பேர் குழு. இவன் பாடுகிறவன். உப்பு மூட்டை அடுக்குகிற கொட்டகையில் பதிவு செய்தார்களாம். பதிவு படு மோசம். குரல் எல்லாவற்றின் மேலும் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆனால் அதற்கு அடியில், கடலுக்குள் முங்கிக் கிடப்பதுபோல, ஒரு டிரம் கேட்டது. நான் வீட்டில் குரலை வெட்டி, அதைத் தூக்கிக் கேட்டேன். அவன் அடித்தது தாளமே இல்லை, தகராறு. பூட்டிய கதவைத் தோளால் இடித்துக்கொண்டு ஒருவன் உள்ளே வருகிறான், உள்ளே இருப்பவனைத் தேடித் தேடி அடிக்கிறான், அவன் கிடைக்காத ஆத்திரத்தில் சாமான்களை உடைக்கிறான். ஏழாவது பாட்டில் ஆள் கிடைத்துவிடுகிறான். அந்தப் பாட்டைக் கேட்டபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். முப்பது வருஷமாகத் தாளக்காரர்களுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தவன் சொல்கிறேன், இப்படி ஒரு அடி நான் கேட்டதில்லை. அதை மொத்தம் இருபது பேர்கூடக் கேட்டிருக்கவில்லை.

உடனே எங்கள் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அதை வரிக்கு வரி என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் வரிக்கு வரி வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

"ஏலே, இந்த வாரம் ஆள் காட்டுதது நானு. ஆளு வேம்பாருக்காரன். மொத்தம் மூணு பேரு. பாடுதவனக் கீழ்ப்பக்கமா வெட்டிருங்க, ரொம்பத் துள்ளுதான். பேஸு பாவம், அவன விட்டுருங்க. டிரம்மரு இருக்காம் பாத்தியளா, அவனத்தான் தூக்கணும். எம்புட்டு முடியுமோ அம்புட்டு தூக்குங்க. இப்ப ஊர்ல இல்லியாம், ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ஒளிஞ்சு கெடக்கானாம், நம்ம தவில் அண்ணாச்சி பாத்திருக்காரு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நம்ம கடையில வச்சு முடிச்சிருவோம். ஷட்டர எறக்கிட்டா வெளிய சத்தம் கேக்காது."

எனக்குத் தெரியாதது இதுதான். அந்த டிரம்மரின் வீட்டுக்கும் வேறொரு வீட்டுக்கும் வள்ளம் நிறுத்துகிற இடத்தில் தகராறு. போன மாதம் டிரம்மரின் சித்தப்பா மகன் கையில் வெட்டு. "அடுத்து அந்தக் கொட்டுக்காரன்தான்" என்று எதிர் வீட்டார் கடற்கரையில் நின்றே சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் அவனை ஸ்ரீவைகுண்டத்தில் அத்தை வீட்டில் ஒளித்து வைத்து, அவன் போனைப் பிடுங்கி அண்ணன் வைத்திருந்தார்.

ஆர்கன் வாத்தியார் நல்லவர். ஒரு கலைஞனைப் பாராட்டிப் பேசியதை அவனுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று, நம்பரைத் தேடிப் பிடித்து, என் மெசேஜை அப்படியே அனுப்பிவைத்தார். கீழே 'வாழ்த்துகள்' என்று ஒரு வார்த்தை. பக்கத்தில் கும்பிடுகிற கை இரண்டு. நம் ஊரில் அந்தக் கையைக் கண்ணீர் அஞ்சலிக்குத்தான் போடுவார்கள்.

அனுப்பிவிட்டு எனக்கும் சொன்னார்: "அண்ணாச்சி, அந்தப் பையனுக்கு அனுப்பிட்டேன். பாத்துட்டான், நீலக் கோடு விழுந்துட்டு. சந்தோஷத்துல கெளம்பி வந்தாலும் வந்துருவான்."

அதனால்தான் மேல் பொத்தானைப் போட்டேன்.

"வாங்க தம்பி, உக்காருங்க. வேம்பார்தான?" என்றேன்.

"ஆமா" என்றார் முன்னால் நின்றவர். அதோடு அறைந்தார்.

அறை என்றால் சினிமாவில் காட்டுவது இல்லை. ஒரு பக்கம் முழுக்க சத்தம் நின்றுபோனது. மைக் ஸ்டாண்டுகளோடு சேர்ந்து நானும் விழுந்தேன். விழுந்தபின் எழுப்பி உட்காரவைத்து மறுபக்கம் அறைந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சங்கு குளிக்கப் போகிறவர் என்பதை அந்தக் கழுத்தையும் நெஞ்சையும் பார்த்தாலே சொல்லலாம். ஆழத்தில் இறங்கி இறங்கி அவருக்கு ஒரு காது போயிருந்தது, அதனால் எல்லாவற்றையும் கத்தித்தான் கேட்டார்.

"எவம்ல ஒன்ன ஏவி விட்டது?"

"ஏவலா? எனக்கு இந்த ஏவல், செய்வினையெல்லாம்..."

வாயில் குத்து. பல் ஒன்று நாக்கில் வந்து உட்கார்ந்தது. துப்பினால் மரியாதைக்குறைவு என்று நினைத்து விழுங்கிவிட்டேன். பயத்தில் மனுஷனுக்கு எவ்வளவு நாகரிகம் வருகிறது பாருங்கள்.

இரண்டாமவன், சிவப்புச் சட்டை, இடுப்பிலிருந்து பேப்பர் சுற்றிய அரிவாளை எடுத்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற என் மிக்சர் மேல் வைத்தான்.

"தம்பி, அது மேல வைக்காதிய, கோடு விழுந்துரும்" என்றேன். சத்தியமாக நான்தான் சொன்னேன். உயிர் போகிற நேரத்தில் என் வாய் மிக்சருக்காகப் பரிந்து பேசிற்று. அதற்கு வயிற்றில் ஒரு உதை.

என்னை அறைந்தவர்தான் டிரம்மரின் அண்ணன்காரர், தம்பியின் போனை எடுத்தார். என் குரல் வந்தது. என் குரல் இவ்வளவு கெட்ட குரல் என்று எனக்கு அதுவரை தெரியாது. 'ஆள் காட்டுதது நானு' என்றது. ஒரு அடி. 'பாடுதவனக் கீழ்ப்பக்கமா வெட்டிருங்க' என்றது. ஒரு உதை. 'பேஸு பாவம்' என்று வந்தபோது நால்வரில் ஒருவன் கொஞ்சம் யோசித்துக் கையை இறக்கினான். அந்த இடத்தில் மட்டும் அடி விழவில்லை. 'டிரம்மரு இருக்காம் பாத்தியளா' என்று வந்ததும் நானே தலையைக் கைகளுக்குள் வைத்துக்கொண்டேன்.

"ஷட்டர எறக்குனா வெளிய சத்தம் கேக்காதுன்னு நீதானல சொல்லியிருக்க? எறக்கியாச்சு. கத்து பாப்போம்."

கத்தினேன். பாதி மாதாவுக்கும் பாதி முருகனுக்குமாகக் கத்தினேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவரை "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று காலைப் பிடித்தேன். வேட்டி நனைந்தது. கடையில் ஏசி ஒழுகியது என்று வீட்டில் சொன்னேன். கடையில் ஏசி கிடையாது.

"நீ என்ன வாசிப்ப?" என்று கேட்டார்.

"பேஸு."

"எந்தக் கையில?"

"ரெண்டு கையும் வேணும் அண்ணாச்சி."

"அப்ப ரெண்டையும் எடுத்துட்டுப் போறோம். ஏலே, அவன் கையப் பிடி."

சிவப்புச் சட்டை என் மணிக்கட்டைப் பிடித்து ஸ்பீக்கர் பெட்டி மேல் அழுத்தியபோதுதான், ஒரு மணி நேரமாக வாய்க்குள் கிடந்தது வெளியே வந்தது. ஒரு மணி நேரம் இருக்காது, ஐந்து நிமிஷம்தான். எனக்கு அப்படி இருந்தது.

"அது பாட்டு அண்ணாச்சி! ஒங்க தம்பி பாட்டு! தூக்குனா சத்தத்த தூக்குதது! போட்டுக் காட்டுதேன், ஒரே ஒரு தடவ, அதுக்குப் பொறவு வெட்டுங்க!"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன்காரர் கையை விடச் சொன்னார்.

ஆம்ப்ளிபயரைப் போட்டேன். பென்டிரைவைத் தேடி எடுத்தேன். சொருகி, அவசரத்தில் எதையோ அழுத்தினேன். நான்கு பெரிய பெட்டியிலும் சேர்ந்து, ஆட்டோவில் கட்டி அனுப்புகிற சாவு அறிவிப்பு, என் குரலிலேயே கணீரென்று வந்தது: "...காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

சிவப்புச் சட்டை அரிவாளின் பிடியால் என் முதுகில் ஒன்று வைத்தான். "நக்கலா பண்ணுத?"

"பழைய பைலு தம்பி, பழைய பைலு!"

இரண்டாவது தடவை சரியாக வந்தது. ஏழாவது பாட்டையே வைத்தேன். முதலில் பாடுகிறவன் கத்தினான். "இதான் வெட்டுதது" என்று அவன் குரலை இறக்கினேன். "இதான் தூக்குதது" என்று டிரம் கேட்கிற இடங்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஷட்டர் தகரம் அதிர ஆரம்பித்தது. சுவரில் தொங்கிய வயர்ச் சுருள்கள் ஆடின. உள்ளே இருந்த நால்வரும் தங்களை யாரோ அடிக்க வருவதுபோல ஒரு எட்டு பின்னால் போனார்கள்.

அண்ணன்காரர் நல்ல காதைத் திருப்பிப் பார்த்தார். போதவில்லை போல. பக்கத்தில் வந்து பெரிய பெட்டியின் வலைமேல் உள்ளங்கையை வைத்தார். ஒவ்வொரு அடிக்கும் அவர் கை எகிறியது.

"இத அடிக்கது அவனா?"

"அவந்தான் அண்ணாச்சி."

"யாரப் போட்டு இந்த அடி அடிக்கான்?"

சிவப்புச் சட்டைதான் சொன்னான்: "வேற யார, ஒன்னத்தாண்ணே. கொட்டடிக்கப் போகாதன்னு நீ அவன எத்தன தடவ போட்டு மிதிச்சிருக்க."

பாட்டு முடிகிறவரை அவர் கையை எடுக்கவில்லை. முடிந்ததும் ஆர்கன் வாத்தியாரை ஸ்பீக்கரில் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன்.

"வாத்தியாரே, டிரம்மரத் தூக்குனா என்ன அர்த்தம்?" என்று இவரே கத்தினார்.

"சத்தத்தைக் கூட்டுறதுங்க. யார் பேசுறது? டிரம்மரா? தம்பி, நான் ஞாயித்துக்கிழமைக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்."

"நீரு எதுக்கு வாழ்த்துகள்னு போட்டீரு?"

"பின்ன, அண்ணாச்சி அவ்வளவு லேசில யாரையும் பாராட்ட மாட்டாருங்க. ஏன், அவரு அங்க இருக்காரா? என்ன சொல்லுதாரு?"

"ஒண்ணும் சொல்லல" என்று அண்ணன்காரர் போனை வைத்தார்.

அரிவாள் மறுபடியும் பேப்பருக்குள் போனது. ஒருவன் என்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தான். இன்னொருவன் விழுந்த மைக் ஸ்டாண்டுகளை நிமிர்த்தி வரிசையாக வைத்தான். தண்ணீர் கொடுத்தார்கள். "தப்பா நெனச்சுட்டோம் அண்ணாச்சி" என்றார் அண்ணன்காரர். அந்த 'அண்ணாச்சி' காதில் விழுந்ததும் எனக்கு உயிர் திரும்பியது. கூடவே வாயும் திரும்பியது.

"பரவாயில்ல தம்பி, ரசிகர்னு வந்தா அப்பிடி இப்பிடித்தான் இருக்கும். ஷட்டரத் தூக்குங்க, டீ சொல்லுவோம்."

ஷட்டர் பக்கம் போன சிவப்புச் சட்டையை அண்ணன்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எறக்குன ஷட்டரச் சும்மா தூக்க முடியாது அண்ணாச்சி" என்றார் அவர். அவர் குரல் இப்போதுதான் தணிந்திருந்தது. "எதுத்தாப்ல டீக்கடையில அம்புட்டுப் பேரும் பாத்திருக்கான். நாங்க அருவா கொண்டுட்டு வந்தது வேம்பாரு வரைக்கும் போயிருக்கும். ஆளக் காட்டுனவன் கடைக்குப் போயிட்டு, டீ குடிச்சிட்டு வந்தாம்னு எதிர் வீட்டுக்காரனுவ காதுக்குப் போச்சுன்னா, நாளைக்கே எந்தம்பியத் தேடி ஸ்ரீவைகுண்டத்துக்குப் போயிருவானுவ. ஒங்களுக்குப் புரியுதா?"

எனக்குப் புரிந்தது. அதுதான் கொடுமை. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கு வந்த பயத்தைவிட அவர் கண்ணில் இருந்த பயம் பெரிசாக இருந்தது. நான் ஒரு மெசேஜுக்குப் பயந்தேன். அவர் ஒரு மாதமாகத் தூங்கவில்லை.

"நீங்களே சொல்லுங்க" என்றார். "பேஸு வாசிக்க எந்த விரலு தேவையில்ல?"

இப்படி ஒரு கேள்வியை இத்தனை வருஷத்தில் எந்த இசைக்காரரும் என்னிடம் கேட்டதில்லை. நல்ல கேள்வி. நான் பதில் யோசித்தேன். ஓடலாமா, கத்தலாமா என்று யோசிக்கவில்லை, எந்த விரல் என்றே யோசித்தேன். இடது கையில் நான்கு விரலும் கம்பியை அழுத்த வேண்டும், அதில் எதையும் உடைக்கக் கூடாது. வலது கையில் இரண்டு விரல் மீட்டும். கட்டைவிரல் ஊன்றிக்கொள்ளும். சுண்டு விரல் சும்மா காற்றில் நிற்கும்.

"வலது கை சுண்டு விரலு" என்றேன்.

"நெசமாத்தான?"

"வலது கை சுண்டு விரலு தம்பி. அதுக்கு ஒரு சோலியும் கெடையாது."

"வலிக்கும். கண்ண மூடிக்கிடுங்க."

சிவப்புச் சட்டை என் மைக் ஸ்டாண்ட் ஒன்றிலிருந்து இரும்புக் குழாயைக் கழற்றிக் கொடுத்தான். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைப் பெட்டி மேல் நீட்டினேன். விரலை மட்டும் தனியாகப் பிரித்து வைத்தேன். ஒரே அடி. பச்சை முருங்கைக் கிளை முறிகிற சத்தம். அதற்குப் பிறகு நான் போட்ட சத்தம் ஷட்டரைத் தாண்டி டீக்கடைக்குக் கேட்டிருக்கிறது. அதுதான் அவருக்கும் வேண்டியிருந்தது.

அவரே பைக்கில் என்னை நடுவில் உட்காரவைத்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் தன் சட்டையால் என் வாயைத் துடைத்துவிடச் சொல்லிப் பின்னால் இருந்தவனிடம் கத்திக்கொண்டே வந்தார். ஸ்பீக்கர் பெட்டி சரிந்து விழுந்துவிட்டது என்று நான் சொன்னேன். ஆமாம், நாங்கள்தான் தூக்கினோம் என்று அவர் சொன்னார். கட்டுப் போட வந்த நர்ஸ், "சாப்புடுத கையா?" என்று கேட்டாள். ஆமாம் என்று வலது கையை உயர்த்திக் காட்டினேன். அதில் ஐந்து விரலும் நன்றாக இருந்தன.

உடைந்தது இடது கைச் சுண்டு விரல். அந்த விரல் இப்போது மடங்குவதில்லை. வாயால் வலது என்று சொல்லிக்கொண்டே பெட்டி மேல் இடது கையை நீட்டியது நான்.